அத்தியாயம் 6: வாசகரும் பங்கெடுக்கும் நூலகம்

காலாப்பட்டில் நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், இடையில் தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து மறுபடியும் புதுவை எல்லைக்குள் நுழையும் இடம் இது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அதன் மைய நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். பக்கத்திலேயே புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி, நவோதயா பள்ளி ஆகியவை உள்ளன. சாலைக்குக் கிழக்கே கடலை ஒட்டி மீனவக் குப்பங்கள். வட மாநிலத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண், கடலுக்குப் போகும் வீட்டுப் பையன் என்று பலவகை வாசகர்கள் இந்தச் சிறிய பரப்புக்குள் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நூலகருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரியும்.

அந்த அறிவை நூலகத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். பலர் கூடி எழுதவும் திருத்தவும் குறிச்சொல் இடவும் இணையத்தில் இப்போது வசதிகள் நிறைய. விக்கி, வாசகர் கருத்து, பொதுப் பட்டியல், கூட்டு மெய்ப்பு எல்லாம் இதில் அடக்கம். இவற்றைக் கையாள ஒரே ஒரு கொள்கை போதும். தகவலை யார் வேண்டுமானாலும் தரட்டும். சரிபார்த்துப் பதிவில் ஏற்றுவது நூலகரின் பொறுப்பு. இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் முயற்சி நிலைக்காது. வாசகருக்கு இடம் தராவிட்டால் பழைய நூலகமே தொடரும். பொறுப்பை விட்டுவிட்டால் பட்டியலின் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

பின்னணி, சுருக்கமாக

2004, 2005ஆம் ஆண்டுகளில் ‘வெப் 2.0’ என்ற பெயர் பரவியது. பார்த்துவிட்டுப் போகிற பக்கங்களாக இருந்த இணையம், பயனரும் எழுதுகிற இடமாக மாறியது. 2005இல் அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி இதையே நூலகத்துக்குப் பொருத்தி ‘லைப்ரரி 2.0’ என்றார். அதே ஆண்டு ஒஹாயோ பல்கலைக்கழக நூலகத்தில் வணிகத் துறைக்கான வழிகாட்டிப் பக்கங்களை விக்கியாக அமைத்தார்கள்.

நமக்கு இது அந்நியமான எண்ணம் அன்று. காலாப்பட்டிலிருந்து இதே கடற்கரையில் தெற்கே போனால் வரும் சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. புத்தக எண்ணிக்கை கூடுவதை மட்டும் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் அந்த விதியில் பாதிதான் நிறைவேறும். பட்டியலும், சேவையும், வாசகருக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவும் சேர்ந்து வளர வேண்டும்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய மூன்று முடிவுகள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. எந்த வேலை? ‘வாசகர் ஈடுபாட்டைக் கூட்டுவது’ என்று எழுதினால் அது வேலை ஆகாது. ‘தமிழ் ஆசிரியர் பெயர்களின் மாற்று வடிவங்களைச் சேர்ப்பது’, ‘உரிமைக் காலம் முடிந்த பத்து உள்ளூர் நூல்களை மெய்ப்புப் பார்ப்பது’ என்பவை வேலைகள். தொடக்கமும் முடிவும் தெரிகிற வேலையாக எடுங்கள்.

2. யார் பொறுப்பு? ஒருவர் பெயரை எழுதுங்கள். அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இரண்டாவது பெயர் ஒன்றும் வேண்டும். வாசகர் அனுப்பிய திருத்தத்துக்கு எத்தனை நாளுக்குள் பதில் போகும் என்பதையும் குறித்துவையுங்கள். அனுப்பியது கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டால், அந்த வாசகர் அடுத்த முறை அனுப்ப மாட்டார்.

3. எங்கே நடக்கும்? எல்லாவற்றுக்கும் சொந்தத் தளம் கட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். ஏற்கெனவே பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடங்கள் உள்ளன: விக்கிப்பீடியா, மூலநூல்களுக்கான விக்கிமூலம், தரவுகளுக்கான விக்கித்தரவு. நூலகத்துக்கே உரிய பதிவு உங்கள் சேவையகத்தில் இருக்கட்டும். உலகத்துக்குப் பொதுவானதைப் பொது இடத்தில் சேருங்கள்.

இனி நான்கு வேலைகளை எளியதிலிருந்து கடினமானதை நோக்கிய வரிசையில் பார்ப்போம். ஒன்று நிலைபெற்ற பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

வேலை 1: இணையப் பட்டியலை வாசகருக்குத் திறப்பது

நியூசிலாந்தின் ஒரு சிறு நூலக அமைப்புக்காக உருவாகி, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் கோஹா. இந்தியாவிலும் ஏராளமான நூலகங்கள் இன்று இதில் இயங்குகின்றன. உங்கள் நூலகமும் அப்படியென்றால், வாசகர் பங்கேற்புக்கான கருவிகள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. வாசகர் குறிச்சொல் இடலாம், நூலுக்குக் கருத்து எழுதலாம், தனக்கோ பொதுவுக்கோ பட்டியல் தொகுக்கலாம், நூல் வாங்கப் பரிந்துரைக்கலாம். பல இடங்களில் இந்த வசதிகள் இயக்கப்படாமலே கிடக்கின்றன.

இயக்கும் முறை: நிர்வாகப் பகுதியில் விருப்பமைவுகளுக்குப் போய், ‘என்ஹான்ஸ்டு கன்டென்ட்’ (Enhanced content) பிரிவில் குறிச்சொல்லை இயக்குங்கள். கூடவே ‘ஒப்புதல் தேவை’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். வாசகர் கருத்துகள் எப்படியும் ஊழியர் ஒப்புதலுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். வாங்கும் பரிந்துரையை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைப் பதிவுசெய்ய இடம் உண்டு. மறுக்கும்போது அந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ‘இந்த ஆண்டு நிதி முடிந்தது, ஏப்ரலில் மறுபடி பார்ப்போம்’ என்ற ஒரு வரி போதும், கேட்டவருக்கு மதிப்புக் கிடைத்துவிடும்.

குறிச்சொல்லால் என்ன பயன்? பாடத்தலைப்பு ‘மீன்வளம்’ என்று இருக்கும். குப்பத்திலிருந்து வரும் மாணவர் ‘கரைவலை’, ‘கட்டுமரம்’, ‘வாடைக்காற்று’, ‘கச்சான்’ என்று தேடுவார். நூலில் அந்தச் செய்தி இருந்தும் அவருக்கு அது கிடைக்காது. அந்த நூலைப் படித்த ஒருவர் இந்தச் சொற்களைக் குறிச்சொல்லாக இட்டுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறக்கும். முறையான பாடத்தலைப்பு தன் இடத்திலேயே இருக்கட்டும். வாசகர் சொல் அதற்குப் பக்கத்தில் நிற்கும்.

*கிட்டே போய்ப் பார்த்தால்: ஒரு பெயரின் பல வடிவங்கள்*

பல்கலைக்கழக நூலகம் தாங்கி நிற்கும் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆனந்தரங்கப்பிள்ளை, ஆனந்தரங்கப் பிள்ளை, ஆனந்தரங்கம் பிள்ளை, ஆனந்த ரங்கம் பிள்ளை என்று நான்கு வகையாகவும் எழுதுகிறோம். ரோமன் எழுத்தில் வரும் வடிவங்கள் தனி. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிவந்ததை ஒருவர் ‘நாட்குறிப்பு’ என்பார், ஒருவர் ‘டைரி’ என்பார், இன்னொருவர் ‘தினப்படி சேதிக்குறிப்பு’ என்று தேடுவார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேறொரு தலைப்பில் நிற்கும். கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு. இடைவெளி ஒன்று மாறினாலும் தேடல் தவறிப்போகும்.

இதைச் சரிசெய்யும் முறை:

- ஆசிரியருக்கு ஓர் ஆணைப்பதிவு (பெயரின் எல்லா வடிவங்களையும் ஒன்றாகக் கட்டும் பதிவு) உருவாக்குங்கள். ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாக வையுங்கள்.
- மற்ற வடிவங்களை மார்க் 21 (நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமைப்பு) ஆணைப்பதிவின் 400 புலத்தில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். நூல் தலைப்பின் மாற்று வடிவங்கள் நூற்பதிவின் 246 புலத்துக்குப் போகட்டும். பதிவு ரோமன் எழுத்தில் இருந்தால் தமிழ் வடிவத்தை 880 புலத்தில் தரலாம்.
- 400 புலத்து வடிவங்களையும் நூல் தேடலில் சேர்க்கும் விருப்பமைவு கோஹாவில் தனியாக உண்டு. அதை இயக்கி, தரவுத்தளத்தை மறுபடி அட்டவணைப்படுத்தினால்தான் பலன் தெரியும்.
- விக்கித்தரவில் அந்த ஆசிரியருக்கு உள்ள எண்ணையும் ஆணைப்பதிவில் குறியுங்கள். அதன் மூலம் மற்ற நாட்டு நூலகங்களின் ஆணைப்பதிவுகளோடு உங்கள் பதிவு இணைந்துவிடும்.

மாற்று வடிவங்களை எங்கிருந்து பெறுவது? வாசகரிடமிருந்துதான். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று ஒரு சிறு படிவத்தை ஓபாக் (இணையப் பட்டியல்) பக்கத்தில் வையுங்கள். எந்தச் சொல்லை இட்டுத் தேடினார், எதை எதிர்பார்த்தார் என்ற இரண்டே கேள்விகள். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து ஆணைப்பதிவுகளைத் திருத்துங்கள். கனக சுப்புரத்தினம் என்று தேடுகிறவருக்கும் பாரதிதாசன் கிடைக்க வேண்டும்.

வேலை 2: ஊழியர்களுக்கு ஒரு விக்கி

வாசகருக்குக் கதவைத் திறக்கும் நூலகம் தன் ஊழியர்களுக்குள்ளும் அதே பழக்கத்தை வளர்க்க வேண்டும். நூல் தொலைந்தால் என்ன நடைமுறை, பார்கோடு அச்சுப்பொறி மக்கர் செய்தால் யாரை அழைப்பது, இதழ்ச் சந்தாவை எந்த மாதம் புதுப்பிப்பது, நன்கொடை நூல்களை எந்த அடிப்படையில் ஏற்பது என்பவை பெரும்பாலும் மூத்த ஊழியர் ஒருவரின் நினைவில்தான் இருக்கின்றன. அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளை உள்வலையில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். சிறிய நூலகத்துக்கு அதுவும் வேண்டாம். எல்லோரும் திருத்தக்கூடிய பகிர்வு ஆவணம் ஒன்றே போதும். ஒரு வேலைக்கு ஒரு பக்கம், பக்கத்தின் மேலே கடைசியாகச் சரிபார்த்த தேதி, கீழே பொறுப்பாளரின் பதவி. முறை மாறினால் அன்றே திருத்த வேண்டும். திருத்தியது யார், முன்பு என்ன இருந்தது என்பதை மென்பொருளே காட்டும். தவறாகத் திருத்திவிடுவோமோ என்று இளம் ஊழியர் அஞ்ச வேண்டியதில்லை, பழைய வடிவத்துக்கு நொடியில் திரும்பலாம்.

இந்த வேலையை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தாமே ஒரு விக்கிப் பக்கத்தைத் திருத்திப் பழகிய ஊழியர், வாசகர் செய்யும் திருத்தத்தைச் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார்.

வேலை 3: கூட்டு மெய்ப்பு

இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பழைய நூலை ஸ்கேன் செய்தால் கிடைப்பது படம். படத்துக்குள் தேட முடியாது. அதைவிட முக்கியம், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது. எழுத்துணரி, அதாவது ஓசிஆர், படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும். ஆனால் பிழைகளோடு தரும். அந்தப் பிழைகளை மனிதக் கண்தான் களைய வேண்டும்.

ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2008இல் தன் பழைய நாளிதழ்ப் பக்கங்களை இணையத்தில் வைத்தபோது, எழுத்துணரி செய்த பிழைகளைத் திருத்தும் வசதியை வாசகருக்கே கொடுத்தது. இன்று ‘ட்ரோவ்’ என்று அறியப்படும் அந்தச் சேவையில் பொதுமக்கள் திருத்தித் தந்த வரிகள் பல கோடி. தமிழில் நமக்கு இன்னும் முந்தைய மரபு உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டே தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம். பின்னர், தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன்களைத் தமிழ் விக்கிமீடியர்களுக்குத் தடையற்ற உரிமத்தில் வழங்கியது. எழுத்துணரியில் எடுத்த லட்சக்கணக்கான பக்கங்கள் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புக்காகக் காத்திருக்கின்றன. உங்கள் நூலகத்தில் ஸ்கேனர் இல்லாவிட்டாலும் இன்றே தொடங்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

*கிட்டே போய்ப் பார்த்தால்: ஒரு பக்கம் சிவப்பிலிருந்து பச்சைக்கு*

விக்கிமூலத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் ‘அட்டவணை’ப் பக்கம் உண்டு. அதில் நூலின் பக்க எண்கள் நிறத்தோடு வரிசையாக நிற்கும். சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்கப்படாதது. அதைச் சொடுக்கினால் ஒரு பக்கம் ஸ்கேன் படமும் மறுபக்கம் எழுத்துணரி தந்த உரையும் திறக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து மறுபடி ஒப்பிட்டு உறுதிசெய்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் அனுமதிக்காது. இரண்டு பேர் பார்த்தே தீர வேண்டும் என்ற இந்த விதி, தொடக்கத்தில் சொன்ன கொள்கையின் நடைமுறை வடிவம்.

தமிழ்ப் பக்கத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்:

- துணைக்காலும் ‘ர’கரமும் இடம் மாறியிருக்கும். ‘கா’ என்பது ‘கர’ என்று வந்திருக்கலாம்.
- ண, ன மயக்கம். மங்கிய அச்சில் புள்ளி விழுந்துபோய் ‘க்’ என்பது ‘க’ ஆகியிருக்கும்.
- தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை பழைய கூட்டெழுத்துகளாக இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறி வேறொரு எழுத்தையோ குறியையோ போட்டுவிடும். அச்சமைப்பை விட்டு இன்றைய வடிவத்தில் எழுதுங்கள், சொல்லை மாற்றாதீர்கள்.
- வரி முடிவில் சொல் இரண்டாக உடையும்போது பல பழைய அச்சகங்கள் சிறுகோடு போடுவதில்லை. உடைந்த சொல்லை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.
- தமிழ் எண்கள் எழுத்தாக மாறியிருக்கும்: ‘க’ என்பது அங்கே ஒன்று.
- ஆசிரியரின் சந்தியும் வழக்கும் உங்களுக்குப் பிழையாகத் தோன்றினாலும் கை வைக்காதீர்கள். அச்சில் உள்ளபடி தருவதே மெய்ப்பு.

மாணவர்களைச் சேர்க்கும்போது ஒரு மாலையில் ஒருவருக்கு ஐந்து பக்கம் என்று கொடுங்கள். பத்துப் பேர் வந்தால் ஐம்பது பக்கம்; ஒரு சிறுநூலில் கணிசமான பகுதி. பக்கத்துக்குப் பக்கம் வேகம் கூடுவதை அவர்களே உணர்வார்கள். மஞ்சளான பக்கங்களைப் பச்சையாக்கும் பொறுப்பை முதலில் தமிழ்த் துறை மாணவர்களுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். புதுவையில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், கேட்பவர் இல்லாமல்தான் இருக்கிறார்கள். ‘ஐயா, இந்த நூலை நீங்கள் பார்த்துத் தந்தால் பிள்ளைகளுக்கு உதவும்’ என்று நேரில் போய்க் கேளுங்கள்.

*எந்த நூலை ஏற்றலாம்?* இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு உரிமைக் காலம் அவர் வாழ்நாளும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளும். புதுவைக்கு இது நல்ல செய்தி. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்து 1921இல் மறைந்த பாரதியார், 1925இல் மறைந்த வ. வே. சு. ஐயர் ஆகியோரின் எழுத்துகள் என்றோ பொதுவெளிக்கு வந்துவிட்டன. பாரதிதாசன் மறைந்தது 1964இல். 60 ஆண்டுக் கணக்கு 2024ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புக்கும் தனி உரிமை உண்டு. மூலத்தை மட்டும் எடுங்கள்.

உரிமைக் காலம் முடியாத நூலுக்கும் சில விலக்குகள் உள்ளன. 2012 திருத்தத்தின்படி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படியாக உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் மாற்றித் தரவும் அதே திருத்தம் இடம் தந்தது. இரண்டும் எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடும் அனுமதி ஆகாது. சந்தேகம் வந்தால் நமக்குப் பக்கத்திலேயே சட்டக் கல்லூரி இருக்கிறது, ஆசிரியர்களை அணுகலாம்.

வேலை 4: ஊரின் வரலாற்றை ஊரோடு சேர்ந்து பதிவது

2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் வைத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது. படத்தில் இருப்பது யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று மக்கள் எழுதிக் குவித்தார்கள். நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 500க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைச் செம்மைப்படுத்தினார்கள். மக்கள் சொன்னது அப்படியே பதிவுக்குள் போகவில்லை; சரிபார்ப்பு என்ற படியைத் தாண்டித்தான் போனது.

இதையே காலாப்பட்டில் செய்யலாம். கடல் அரிப்புக்கு முந்தைய கடற்கரை, பழைய பள்ளிக் கட்டடம், திருவிழா, கட்டுமரங்கள் வரிசையாக நின்ற கரை ஆகியவற்றின் படங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் குறித்து, படத்தை வாங்கி ஸ்கேன் செய்து அப்போதே திருப்பிக் கொடுங்கள். எடுத்தவர் யார், இருப்பவர்கள் யார், வெளியிடச் சம்மதமா என்பதை ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். உரிமையாளர் சம்மதித்த படங்களை விக்கிமீடியப் பொதுவகத்தில் ஏற்றலாம். மூலக்கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

தமிழில் இந்த வழியில் வெகுதூரம் போனவர்கள் ஈழத்தமிழர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த வரலாற்றைச் சுமந்தவர்கள் அவர்கள். 2005 தைப்பொங்கலில் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விக்கிப் பக்கம்: நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள், கீழே மின்வடிவத்துக்கு இணைப்பு, பலவற்றில் பொருளடக்கமும் தட்டெழுதப்பட்டிருக்கும். கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர், நினைவுமலர் என்று பெரிய நூலகங்கள் கண்டுகொள்ளாதவற்றையும் சேர்த்தார்கள். இன்று அங்குள்ள ஆவணங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. நம் ஊர்ச் சிறுவெளியீடுகளைச் சேகரிக்க நினைக்கும் நூலகர் ஒருமுறை அந்தத் தளத்தில் உட்கார்ந்து, பக்கங்களின் அமைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது விக்கிப்பீடியாவுக்கு மேற்கோள் சேர்க்கும் வேலை. 2016 முதல் உலக நூலகர்கள் ‘ஒரு நூலகர், ஒரு மேற்கோள்’ என்ற இயக்கத்தை நடத்துகிறார்கள். சான்று இல்லாத ஒரு வாக்கியத்துக்கு, தன் அலமாரியிலுள்ள நூலிலிருந்து சான்று தருவதே பணி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் புதுவை, பிரெஞ்சு ஆட்சிக்காலம், கடலோர ஊர்கள் பற்றிய கட்டுரைகளை எடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். உங்கள் நூலகத்தையோ நிறுவனத்தையோ பற்றிய கட்டுரையை நீங்களே எழுதாதீர்கள். நடுநிலை கருதி விக்கிச் சமூகம் அதை விரும்புவதில்லை. பேச்சுப் பக்கத்தில் தகவலும் சான்றும் வைத்தால் மற்றவர்கள் சேர்ப்பார்கள்.

காவல்: தனியுரிமை, காப்புப்படி

யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரம் வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையில் உள்ளது. குறிச்சொல்லோ கருத்தோ வெளியாகும்போது முழுப்பெயரும் உறுப்பினர் எண்ணும் தெரியாதபடி அமையுங்கள். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. பள்ளி மாணவரைச் சேர்க்குமுன் அதை எழுத்தில் வாங்குங்கள். விக்கித் தளங்களில் புனைபெயரிலேயே கணக்குத் தொடங்கலாம், மின்னஞ்சல் முகவரி கட்டாயமில்லை. மாணவருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

நாம் கடலோரத்தில் இருக்கிறோம். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் புதுவையை என்ன பாடு படுத்தின என்று எல்லோருக்கும் தெரியும். பட்டியல் தரவை மார்க் கோப்பாகவும், விக்கியை எக்ஸ்எம்எல் கோப்பாகவும் வாரம் ஒருமுறை எடுத்து, ஒரு படியை வேறு ஊரிலோ மேகச் சேமிப்பிலோ வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை அந்தப் படியிலிருந்து மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்ப முடியாது.

முதல் ஆறு மாதங்களுக்கான திட்டம்

*முதல் மாதம்:* மூன்று முடிவுகளையும் எழுதி மேலதிகாரியின் ஒப்புதல் பெறுங்கள். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ படிவத்தை வையுங்கள். குறிச்சொல், பரிந்துரை வசதிகளை ஒப்புதல் முறையோடு இயக்குங்கள்.

*இரண்டு, மூன்றாம் மாதங்கள்:* அதிகம் தேடப்படும் ஐம்பது தமிழ் ஆசிரியர்களின் ஆணைப்பதிவுகளைச் சரிசெய்யுங்கள். ஊழியர் விக்கியில் பத்துப் பக்கங்கள் எழுதுங்கள். ஊழியர் ஒவ்வொருவரும் விக்கிமூலத்தில் ஐந்து பக்கம் மெய்ப்புப் பார்க்கட்டும். தாங்கள் செய்யாததை வாசகரிடம் கேட்கக் கூடாது.

*நான்கு, ஐந்தாம் மாதங்கள்:* ஒரு சிறுநூலைத் தேர்ந்தெடுத்து மாணவர்களோடு முழுவதும் பச்சையாக்குங்கள். பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் துறை மாணவர்களுக்கு இது நேரடிப் பயிற்சியாகவும் அமையும். முடிந்த நூலுக்கு உங்கள் ஓபாக் பதிவிலிருந்து இணைப்புக் கொடுங்கள். மார்க் 856 புலம் அதற்குத்தான்.

*ஆறாம் மாதம்:* முதல் புகைப்பட நாளை நடத்துங்கள். பங்களித்தவர்களை அழைத்து, அவர்கள் திருத்தத்தால் எந்தப் பதிவு எப்படி மாறியது என்று திரையில் காட்டுங்கள்.

அறிக்கை எழுதும்போது எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்று எண்ண வேண்டாம். எத்தனை பதிவுகள் திருத்தப்பட்டன, எத்தனை பக்கங்கள் பச்சையாகின, எத்தனை பரிந்துரைகளுக்குப் பதில் போனது, முன்பு கிடைக்காத எத்தனை தேடல்கள் இப்போது கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். இந்த நான்கும் ஆறு மாதத்தில் உயரவில்லையென்றால் வேலையைச் சுருக்குங்கள், கருவியைக் கூட்டாதீர்கள்.

மென்பொருள்கள் வரும், போகும். இன்று நாம் பயன்படுத்தும் தளங்களில் சில பத்தாண்டுகளில் இல்லாமலும் போகலாம். திருத்திய பதிவும், மெய்ப்புப் பார்த்த பக்கமும், பெயர் தெரிந்த புகைப்படமும் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் கூடவே வரும். அவற்றைச் சேர்த்துத் தரக்கூடியவர்கள் தினமும் உங்கள் நூலகத்துக்கு வந்து போகிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், தந்ததைச் சரிபாருங்கள், ஏற்றதைத் தெரிவியுங்கள். இந்த மூன்றையும் தவறாமல் செய்கிற நூலகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வளரும்.